திருமணியும் கொரிந்தியர் நிருபமும்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸில் போனால் வழிநெடுக ஆராதனைதான். சி.எஸ்.ஐ. கோயில், கத்தோலிக்கக் கோயில், தகரக் கூரை போட்ட ஜெபவீடு, மாடியை வாடகைக்கு எடுத்து நடக்கும் பெந்தெகொஸ்தே சபை. ஒரு மைக்கில் பாமாலை, அடுத்ததில் கீபோர்டும் டிரம்ஸும், அதற்கடுத்ததில் அந்நிய பாஷை. இத்தனை பேரும் அடிக்கடி கையில் எடுக்கும் அதிகாரம் ஒன்று உண்டு: 1 கொரிந்தியர் 12. ஆவியானவர் ஒருவர், அவர் தரும் வரங்களோ பல. அவயவங்கள் எத்தனை இருந்தாலும் சரீரம் ஒன்று என்று பவுல் விளக்கும் இடம்.

சின்ன வயதிலிருந்து கேட்டுவருகிறேன். கண் கையைப் பார்த்து ‘நீ எனக்குத் தேவையில்லை’ என்று சொல்ல முடியுமா என்ற கட்டம் வந்ததும் சபையார் தலையாட்டுவார்கள். பிரசங்கம் முடிந்து வெளியே வந்தால், வரப்போகிற கமிட்டித் தேர்தலில் எந்தக் கண் எந்தக் கையைத் தோற்கடிக்கப்போகிறது என்ற பேச்சு. அந்த அதிகாரத்தை எனக்கு உறைக்க வைத்தது பிரசங்கம் அல்ல, ஒரு டாக்டரின் கதை. அது தொடங்கியதும் நம் ஊரில்தான்.

செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில், ஸ்காட்லாந்து மிஷன் நடத்திவந்த லேடி வில்லிங்டன் தொழுநோயாளர் குடியிருப்பு இருந்தது. 1955-இல் மத்திய அரசு அதை எடுத்துக்கொண்டு தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கியது. அதற்கு முன் அங்கே தலைமை மருத்துவராக இருந்தவர் ராபர்ட் காக்ரேன். வேலூர் சி.எம்.சி.க்குப் புதிதாக வந்திருந்த பால் பிராண்ட் 1947-இல் அவரோடு திருமணிக்கு வந்தார். பிராண்ட், 1914-இல் கொல்லிமலையில் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தவர்; அறுவை மருத்துவர். நோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைப் பார்த்து, இது ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டார். தான் தோல் மருத்துவர், எலும்பும் தசையும் உங்கள் பாடு என்றாராம் காக்ரேன். பிராண்ட் ஓர் இளைஞனிடம் தன் கையைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். ஒன்றுக்கும் உதவாது என்று எல்லாரும் நினைத்த கை, அவர் வலியில் கத்தும் அளவுக்கு அழுத்திப் பிடித்தது. பிடித்தவனுக்கோ தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியவில்லை.

பிறகு வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து அவரும் கூட்டாளிகளும் கண்டுகொண்டது இது: விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. நரம்பு செத்துப்போவதால் வலி தெரிவதில்லை, அவ்வளவுதான். கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கியவர் கையை இழுத்துக்கொள்ள மாட்டார். செருப்பில் ஆணி ஏறியிருந்தாலும் நாள் முழுக்க நடப்பார். தூக்கத்தில் எலி விரலைக் கடித்தாலும் விழிப்பு வராது. வேலூரில் இதற்காகவே நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். மடங்கிய விரலை நிமிர்த்த அவர்கள் செய்த அறுவையும் யோசிக்க வைப்பது: நல்ல பலத்தோடு இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசை செய்த வேலைக்குத் திருப்பிக் கட்டுவது. கட்டினால் போதாது. அந்தத் தசை தன் பழைய வேலையை மறந்து புதியதைப் படிக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் பயிற்சி.

பிராண்ட் பின்னாளில் பிலிப் யான்சியோடு சேர்ந்து, மனித உடலையும் திருச்சபையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 1980-இல் ஒரு புத்தகமே எழுதினார். அதற்காகத் தொழுநோயைப் பாவத்துக்கு உவமை சொல்லும் மேடைப் பழக்கத்தை நான் ஏற்கிறேன் என்று எண்ண வேண்டாம். அது கிருமியால் வருவது, கூட்டு மருந்தில் குணமாவது. உவமையாகச் சுமந்தே அந்த மனிதர்கள் நொந்துபோனார்கள். பிராண்ட் காட்டியது வேறு. வலி தெரிகிற வரைக்கும்தான் ஓர் உறுப்பு உடலோடு சேர்ந்தது.

உடலை வைத்துச் சமூகத்தை விளக்குவது பவுலின் கண்டுபிடிப்பும் அல்ல. ரோமில் ஏழை ஜனங்கள் வேலையை நிறுத்திவிட்டு ஊரைவிட்டுப் போனபோது, மெனேனியஸ் அகரிப்பா என்பவர் வயிற்றையும் கைகால்களையும் பற்றி ஒரு கதை சொல்லி அவர்களைத் திரும்பக் கூட்டிவந்ததாக லிவி எழுதியிருக்கிறார்: உட்கார்ந்து தின்பதுபோல் தெரிந்தாலும் வயிறுதான் எல்லாருக்கும் சோறு போடுகிறது, ஆகவே அவரவர் வேலையைப் பாருங்கள். நம் நாட்டிலும் தலை, தோள், தொடை, பாதம் என்று ஓர் உடல் உண்டு. அதில் யார் பாதம் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பவுல் அதே உடலை எடுத்துத் தலைகீழாக்குகிறார். பலவீனமாகத் தெரிகிற உறுப்புதான் மிகவும் தேவையானது, கனம் குறைந்ததற்கே அதிக கனம் என்கிறார். ஒன்று வேதனைப்பட்டால் எல்லாமே வேதனைப்படும் என்பதும் அங்கேதான் வருகிறது. அந்நிய பாஷை உண்டா இல்லையா என்று மணிக்கணக்கில் வாதாடும் நாம் இந்த இடத்தை ஓட்டமாகத் தாண்டிவிடுகிறோம்.

பிராண்ட் திருமணிக்கு வந்த அதே 1947-இல், செப்டம்பர் 27 அன்று, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் பல சபைகள் ஒன்றாகச் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தது. 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய ஊழியர்கள் தொடங்கிவைத்த பேச்சு. முன்நின்ற பிஷப் அசரியா 1945-இன் முதல் நாளில் இறந்துபோனார், பலனைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் இழுத்தது பெரும்பாலும் ஊழியத்தைப் பற்றிய சிக்கல். ஆங்கிலிக்கருக்கு பிஷப் இல்லாமல் சபை இல்லை. செங்கல்பட்டு ஸ்காட்லாந்துக்காரர்களின் வழியிலோ பிஷப்பே கிடையாது, மூப்பர்கள்தான். மெதடிஸ்டுகளுக்கு அவர்கள் முறை. கடைசியில் யாரையும் மறுபடி அபிஷேகம் செய்யாமலே எல்லா ஊழியர்களையும் ஊழியர்களாக ஏற்பது, பழக்கமில்லாத முறையை எந்தச் சபைமேலும் திணிக்காமல் இருப்பது, மீதியை 30 வருஷம் சேர்ந்து வாழ்ந்து பார்த்துத் தீர்ப்பது என்று முடிவானது. உன் ஊழியமும் வரம்தான் என்று முதலில் ஒப்புக்கொண்டு, விளக்கத்தைப் பிறகு தேடிக்கொண்டார்கள். உலகத்துக்கே அது புதிது. அன்று காஞ்சிபுரத்து மிஷனரியாக இருந்து பிஷப்பான லெஸ்லி நியூபிகின், 1953-இல் எழுதிய புத்தகத்தில் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகளோடு பெந்தெகொஸ்தேக்காரர்களையும் சரிக்குச் சரியாக உட்காரவைத்தார். நம் ஊர் மைக்குகள் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை.

நாண் திருப்பிக் கட்டியாகிவிட்டது. பயிற்சிதான் பாதியில் நின்றது. திருச்சபை நிர்வாக வழக்குகள் நீதிமன்றம் ஏறி இறங்குவதை விடுங்கள், அது எல்லாருக்கும் தெரிந்த கதை. உணர்ச்சி செத்த இடம் சாதி. விழுப்புரம் பக்கம் எறையூரில் 2008-இல் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்குத்தளம் கேட்டதும் மோதலாகி, துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒரே கோயிலில் ஒரே அப்பத்தை வாங்கியவர்கள்தான். ஒரே கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பிய இடங்களும் தமிழ்நாட்டில் உண்டு. ஒரு கிறிஸ்தவன் அந்தச் சுவரோரமாக நடந்து தினமும் ஜெபத்துக்குப் போகிறான் என்றால், செருப்பில் ஆணியோடு நடந்தவரைப் பார்த்து நாம் பரிதாபப்பட என்ன இருக்கிறது?

சில வருஷங்களுக்கு முன் எங்கள் பக்கத்துச் சபை ஒன்றில் வரங்களைக் கண்டறியும் முகாம் என்று கேள்வித்தாள் கொடுத்தார்கள். போதகம், தீர்க்கதரிசனம், பாடல், தலைமை என்று கட்டங்கள். அந்தச் சபையில் ஒரு பெரியம்மா இருக்கிறார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், வராதவர்கள் யார் யார் என்று அவருக்குத் தெரியும். ஏன் வரவில்லை என்பது திங்கட்கிழமைக்குள் தெரிந்துவிடும்: மகன் குடித்துவிட்டு அடித்தது, கந்துவட்டிக்காரன் வாசலில் நின்றது, முன்வரிசையில் உட்காரப்போன ஒரு பெண்ணைப் பார்த்து யாரோ முகம் சுளித்தது. கடைசியாகச் சொன்னதை நேரே போதகரிடமே போய்ச் சொல்லி, அடுத்த வாரம் அந்தப் பெண்ணைத் தன்னோடு முன்வரிசையில் உட்காரவைத்தார். கேள்வித்தாளில் இதற்குக் கட்டம் இல்லை. கமிட்டிக்கு நிற்கச் சொல்லிக் கேட்டார்கள். அங்கே உட்கார்ந்தால் வீடு வீடாகப் போக நேரம் இருக்காது என்று சொல்லிவிட்டார்.