பிளாவும் சகனும்: மன்னார்க் குறிப்புகள்

*

ஒருவருக்கு மட்டும் கூழ் காய்ச்ச முடியாது. ஒரு மீன் தலை, இரண்டு நண்டு, ஒரு கை இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, ஒரு பிடி அரிசி, முருங்கையிலை. எல்லாவற்றிலும் சிறிது சிறிது போட்டாலே பானை நிறைந்துவிடும். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

*

இலங்கையின் தேசிய உணவு எது? சோறும் கறியும் என்று சொல்லிவிடலாம். வடக்கத்தி ஆட்கள் ஒடியல் கூழ் என்பார்கள். ஊரைவிட்டுப் போனவர்கள் இன்னும் அழுத்திச் சொல்வார்கள். யாழ்ப்பாணம் கூழுக்கு உரிமை கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். பனையும் கடலும் சேர்கிற இடம் கூழின் ஊர் என்றால் மன்னாருக்கும் பங்குண்டு. மன்னார்த் தீவின் பேசாலையில் கரைக்கு இந்தப் பக்கம் வலை, அந்தப் பக்கம் பனை.

*

பனங்கொட்டையைப் பாத்தியில் அடுக்கி மண் மூடினால் சில மாதத்தில் கிழங்கு. பச்சையாகவே தோலுரித்து, நெடுக்காகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அது சப்பித் தின்ன. கூழுக்கு ஒடியலை இடித்த மா வேண்டும். அதில் ஒரு கசப்பு உண்டு. தண்ணீரில் ஊறவிட்டு, மா அடியில் படிந்ததும் மேல்நீரை வடித்து, மறுபடியும் நீர் விட்டு வடிக்க வேண்டும். அவசரப்பட்ட வீட்டை முதல் மிடறே காட்டிக்கொடுக்கும்.

*

மாக்கரைசல் பானையில் விழுந்தபின் அகப்பை ஓயக்கூடாது, அடிப்பிடித்துவிடும். அரைத்த செத்தல் மிளகாயும் மஞ்சளும், கரைத்த பழப்புளியும் சேர்ந்ததும் நிறம் மாறும். அகப்பையிலிருந்து கஞ்சியைப்போல ஓடவும் கூடாது, களியைப்போல நிற்கவும் கூடாது.

*

குடிப்பதற்குப் பிளா. பனையோலையை மடித்துக் கட்டிய ஏனம். ஓலை கிடைக்காவிட்டால் பலா இலையைக் கோலி ஈர்க்குக் குத்தினால் போதும். சுடச்சுட ஊற்றிய பிளாவைக் கீழே வைக்க முடியாது, கவிழ்ந்துவிடும். கையில் ஏந்தியபடி, ஊதி ஊதி, கதைத்துக் கதைத்துத்தான் குடிக்க வேண்டும். உறைப்பில் மூக்கு ஒழுகும். இடைக்கிடை ஒரு தேங்காய்ச் சொட்டு. "இன்னும் கொஞ்சம் விடவா?" என்று கேட்பார்கள். பதில் வருவதற்குள் விட்டுவிடுவார்கள்.

*

அதே தீவில் எருக்கலம்பிட்டி. முஸ்லிம் ஊர். அங்கே விருந்து என்றால் சகன். அரபுச் சொல், தட்டு என்று பொருள். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தையும் அரபு வணிகர்தான் கொண்டுவந்தார்கள் என்பது ஊர்ப்பேச்சு. மரத்தைப்பற்றிச் சாட்சி சொல்ல யாரும் இல்லை. சகனுக்கு அதன் பெயரே சாட்சி.

*

பாய் விரித்து, நடுவில் பெரிய தட்டு. சோற்று மேட்டின் மேல் இறைச்சியும் கறிகளும். சுற்றிலும் நாலைந்து பேர். வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து விருந்தாளியின் கையில் ஊற்றுவார். பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கினால், அவரவர் கை அவரவர் முன்னால் உள்ள சோற்றுக்குத்தான் போகும். நடுப்பகுதி கடைசிக்கு, பரக்கத் என்னும் அருள் இறங்குவது அங்கே என்பது நம்பிக்கை. நல்ல இறைச்சித் துண்டைத் தன் பக்கத்திலிருந்து அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவார்கள். யாரும் அதைப் பேசுவதில்லை. பணக்காரனும் கூலிக்காரனும் ஒரே தட்டில் தொடை இடிக்க உட்காருகிறார்கள்.

*

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். போனவர்கள் 70,000க்கும் மேல். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிப் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக்குப் போனார்கள். புத்தளத்து முகாம்களிலும் கல்யாணம் நடந்தது, சகனும் வைத்தார்கள். ஆனால் கூழ்ப்பானைக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தால் ஏனென்று கேட்க ஆளில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு சிலர் திரும்பினார்கள். எல்லாரும் அல்ல.

*

கூழ் இப்போது கடைகளில் கோப்பையில் கிடைக்கிறது. ருசி சரியாகவே இருக்கலாம். ஆனாலும் மன்னாருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: யார் வீட்டிலாவது பானை ஏறும்வரை பொறுத்திருங்கள். சகனுக்குக் கூப்பிட்டால் தனித்தட்டுக் கேட்காதீர்கள். கூழுக்குக் கூப்பிட்டால் வெறுங்கையோடு போகாதீர்கள். நாலு நண்டு வாங்கிக்கொண்டு போங்கள். பானை அதையும் ஏற்கும்.