புளியங்கொட்டைப் பந்து

என் ஆறு வயது மகனை கிரிக்கெட் வீரனாக்கிவிடுவது என்று போன சித்திரையில் முடிவு செய்தேன். முடிவு என்னுடையது, மூக்கு அவனுடையது.

தஞ்சாவூர் போய் பேட், ஸ்டம்ப், கையுறை, பந்து என்று பை நிறைய வாங்கினேன். கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் ஸ்டம்பை நட்டமாகப் பிடித்தபடி வந்தபோது, "அவரைக் கொடிக்கா சார்?" என்று கேட்டார் கண்டக்டர். என்ன வாயோ அது!

மறுநாள் காலை ஆறு மணி. முந்திரித் தோப்பை ஒட்டிய செம்மண் திடல். பத்தடி தள்ளி நின்று, "பிடிடா கண்ணா!" என்று எறிந்தேன். பிடித்தான். மூக்கால்.

ரத்தம் கொஞ்சம்தான். அழுகை ஊருக்கே கேட்டது. "உங்க ஆசைக்கு எம் புள்ளதான் கெடைச்சானா?" என்று அவனைத் தூக்கிக்கொண்டு போனாள் மனைவி. அன்றிலிருந்து பந்தைக் கண்டாலே பையன் கட்டிலுக்கு அடியில். லட்டு கொடுத்தால்கூட யோசித்துத்தான் வாங்கினான். (அதுவும் உருண்டைதானே!)

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் தெரு டீமில் நானும் இருந்தேன். கடைசி ஓவரில் நேராக என்னிடமே வந்த கேட்சை, கண்ணை மூடிக்கொண்டு விட்டேன். மறுநாள் கேப்டன் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, "நீ ஸ்கோர் எழுதுடா" என்றான். அன்று பிடித்த பேனாதான், பி.காம். வரைக்கும் விடவில்லை. இருபத்தைந்து வருஷத்து வராக்கடனை மகனிடம் வசூல் செய்யப் பார்த்திருக்கிறேன்!

டீக்கடையில் ஒரு ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியரிடம் புலம்பினேன். சிரித்தார்.

"அரிச்சுவடி படிக்கற புள்ளைய பத்திரம் எழுதச் சொல்லிட்டீங்களே தம்பி! ஓடறது, தாவறது, நொண்டி அடிக்கறது, ஒத்தக் கால்ல நிக்கறது, எறியறது, பிடிக்கறது, உதைக்கறது... இதான் விளையாட்டுக்கு அ, ஆ, இ, ஈ. மூணு வயசுலேர்ந்து ஏழெட்டு வயசுக்குள்ள இது கையிலயும் கால்லயும் படியணும். அப்புறம் கிரிக்கெட்டோ கபடியோ, எதுல விட்டாலும் நிக்கும்."

"அவன் பயந்தாங்கொள்ளியோன்னு..."

"சின்னப் புள்ளைக்கு வேகமா வர்ற பந்து எங்க வருதுன்னு கணக்குப் போடக் கண்ணு இன்னும் பழகல. அதான் மூஞ்சியத் திருப்புது, ரெண்டு கையாலயும் நெஞ்சோட சேத்து அணைக்குது. பயமும் இருக்கும். ஆனா முக்காவாசி அது வயசு! பலூன்ல ஆரம்பிங்க. மெதுவா வரும், கண்ணு பின்னாலயே போகும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "இதுக்கு ஒரு வாத்தியாராடா?" என்றாள் அம்மா, அதாவது பையனின் அப்பத்தா. பழைய வேட்டித் துணியில் புளியங்கொட்டையைப் போட்டு, கைக்கு அடக்கமாக ஒரு பை தைத்தாள். அது துள்ளாது, உருண்டு ஓடாது, பட்டாலும் வலிக்காது.

முதல் வாரம் பலூன். அடுத்து, திண்ணையில் உட்கார்ந்தபடி பந்தை உருட்டிவிட்டாள். அப்புறம்தான் புளியங்கொட்டைப் பை, அதுவும் இரண்டு முழ தூரத்திலிருந்து! வலது கையால் எறியும்போது இடது கால் முன்னால் வர வேண்டும் என்றார் வாத்தியார். பையனுக்கோ வலது காலே வந்தது. இடது கால் வைக்க வேண்டிய இடத்தில் அம்மா கோலமாவால் ஒரு வட்டம் போட்டாள். பிரச்னை தீர்ந்தது.

சாயங்காலம் வாசலில் பாண்டிக் கட்டம். யோசித்துப் பார்த்தால் நொண்டியில் ஒற்றைக் கால் நிதானம், பச்சைக் குதிரையில் தாண்டல், கிளித்தட்டில் ஓடும்போதே சட்டென்று திரும்புவது, தட்டாங்கல்லில் கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்வது எல்லாமே இருக்கிறது. பைசா செலவில்லாத பாடத்திட்டம்!

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளைக்கு 180 நிமிஷமாவது ஓடியாட வேண்டும், அதில் 60 நிமிஷம் நன்றாக மூச்சு வாங்க ஆட வேண்டும் என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஐந்து வயதுக்கு மேல் சராசரியாக நாளைக்கு 60 நிமிஷம் என்று 2020-ல் சொன்னது. எங்கள் வீட்டில் அந்த நேரத்தைச் செல்போன் தின்றுகொண்டிருந்தது.

நான் பதக்கக் கனவு கண்டதற்கும் காரணம் உண்டு. எங்கள் மாவட்டத்துக் கத்தக்குறிச்சி சாந்தி 2006-ல் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினாரே! அப்புறம் பாலினப் பரிசோதனையைக் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். அவரோ பயிற்சியாளராகி, மற்றவர்களை ஓட வைத்தார். பதக்கத்தைப் பிடுங்கலாம், ஓட்டத்தைப் பிடுங்க முடியாது என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, "நீ பிடி பாப்போம்" என்று என்னைக் கட்டத்துக்குள் தள்ளினாள் அம்மா. மகன் இடது காலை வட்டத்தில் வைத்துப் பையை எறிந்தான். அதே ஏழாம் வகுப்பு! கண்ணை மூடினேன். பை கீழே.

மகன் ஓடி வந்தான். சிரிப்பான் என்று நினைத்தேன்.

"பரவால்லப்பா. கண்ணை மூடாம பையை மட்டும் பாரு" என்றான். சொல்லிவிட்டு இரண்டடி முன்னால் வந்து நின்று, மெதுவாக எறிந்தான்.

இந்த இரண்டடி முன்னால் வர எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் பை என் கையில் இருந்தது.

ஸ்டம்ப் மூன்றும் இப்போது கொல்லையில் அவரைக் கொடியைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. கண்டக்டர் வாக்கு பலித்துவிட்டது. பேட் பரணில் இருக்கிறது. அவனாகக் கேட்கிற அன்றைக்கு இறக்கலாம்.

பை கைக்கு வந்த சந்தோஷத்தில் நான் குதித்ததைப் பார்த்து, உள்ளேயிருந்து ஒரு நோட்டோடு வந்தாள் மனைவி.

"இனிமே ஸ்கோர் நான் எழுதறேன். நீங்க போய் ஆடுங்க!"