கேமரன் மலையில் எங்கள் மிதிவண்டிப் பயணம்

சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் நாங்கள் குடும்பத்துடன் கேமரன் மலைக்குச் சென்றோம். எங்கள் தந்தையார் தம் பழைய வேனின் பின்னிருக்கைகளைக் கழற்றி மெத்தை விரித்தார். சிறிய எரிவாயு அடுப்பும் வைத்தார். பின்புறத்தில் மூன்று மிதிவண்டிகளைக் கட்டினார். மூன்று நாள்களுக்கு அவ்வேனே எங்கள் வீடாயிற்று.

எங்களுடன் பாட்டியாரும் வந்தார். சிறுமியாய் இருந்தபோது அம்மலையில் கொழுந்து பறித்தவர் அவர். மணமாகிப் பால்மரத் தோட்டத்திற்கு வந்தபின் ஒருமுறையேனும் அங்குத் திரும்பிச் சென்றதில்லை.

தாப்பாவிலிருந்து சாலை வளைந்து வளைந்து ஏறியது. ஏற ஏறக் குளிர் கூடியது. மாலையில் தானா ராத்தாவை அடைந்தோம். 'சமநிலம்' என்னும் பொருளுடைய மலாய்ப் பெயர் அது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் அந்நகர் உள்ளது. 1885-ஆம் ஆண்டில் அப்பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயரையே மலை தாங்கி நிற்கிறது என்று தந்தையார் விளக்கினார்.

"அளந்தவர் பெயர் மலைக்கு இருக்கிறது. காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களின் பெயர் எங்கே இருக்கிறது?" என்று பாட்டியார் கேட்டார். எங்களால் விடை கூற இயலவில்லை.

மறுநாள் காலை, "எனக்கு மேடு ஏற முடியாது. இன்னும் கையால்தான் கொழுந்து கிள்ளுகிறார்களா என்று பார்த்து வாருங்கள், கண்ணுகளா" என்று எங்களை அனுப்பினார்.

தந்தையார் முன்னே செல்ல, அக்காளும் தம்பியுமாகிய நாங்கள் பின்தொடர்ந்தோம். பிரிஞ்சாங் செல்லும் சாலையில் கார்கள் நத்தைபோல் ஊர்ந்தன. நாங்கள் ஓரமாக அவற்றைக் கடந்தோம். பிரிஞ்சாங்கைத் தாண்டித் தேயிலைத் தோட்டச் சாலையில் திரும்பியதும் மிதிக்க வலுவின்றி, இறங்கித் தள்ளினோம். மெல்ல நடந்ததால்தான் நன்றாகப் பார்த்தோம். தொலைவில் பச்சைக் கம்பளமாய்த் தோன்றியது, அருகில் இடுப்பளவில் வெட்டி வெட்டிக் குட்டையாக்கப்பட்ட மரங்களாய் நின்றது.

சரிவில் இருவர் ஓர் இயந்திரத்தை இருபுறமும் பிடித்துக் கொழுந்தை வெட்டிச் சென்றனர். எங்கள் தமிழைக் கேட்ட மூதாட்டி ஒருவர் லயத்திற்கு அழைத்துத் தேநீர் தந்தார். "இயந்திரம் போகாத செங்குத்தில் கத்தரியால் வெட்டுகிறார்கள். கையால் கிள்ளுவது அரிதாகிவிட்டது, பிள்ளைகளா" என்றார். பாட்டியாரைப் பற்றிச் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் வீட்டோரச் செடியிலிருந்து இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளித் தந்தார். அதைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டோம்.

இறக்கத்தில், "பிரேக்கை விட்டுவிட்டுப் பிடியுங்கள், அழுத்தியே வைத்தால் சூடேறிவிடும்" என்று தந்தையார் எச்சரித்தபடியே வந்தார். ஏற எடுத்த நேரத்தில் பாதிகூட இறங்க ஆகவில்லை.

கொழுந்தைக் கையில் வாங்கிய பாட்டியார் நெடுநேரம் முகர்ந்தார். அவருடைய விரல்கள் தாமாகவே கிள்ளுவதுபோல் அசைந்தன.

அன்றிரவு வேனின் விளக்கொளியில், தம்முடன் கொழுந்து பறித்தவர்களின் பெயர்களை அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம். பதினேழு பெயர்கள் சேர்ந்தன. பதினெட்டாவதாகப் பாட்டியாரின் பெயரை எழுதினோம்.

அன்புத் தோழர்களே! உங்கள் இல்லத்துப் பெரியோரிடமும் இன்றே கேளுங்கள். அவர்கள் கூறும் பெயர்களை எழுதி வையுங்கள். மலைக்கு அவற்றைச் சூட்ட நம்மால் இயலாது. மறவாமல் காக்க இயலும்.