காவல்காரரின் கணக்கு

மதுரையிலே பிறந்தவனுக்கு மதுரையைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித் தரவேண்டியதில்லை என்ற கர்வம் எனக்கு வெகுநாள் இருந்தது. அதைப் போக்கியது ஒரு நாவல். 2008-ல் வெளிவந்து, 2011-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி பரிசைப் பெற்ற சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்'தான் அது. 1,000 பக்கங்களுக்கு மேல். "தலைக்கு வைத்துக்கொள்ள ஆகும்" என்று என் மனைவி கேலி செய்தாள். படித்து முடித்தபோது எனக்குத் தூக்கமே போய்விட்டது.

நான் தினமும் நடக்கிற வெளி வீதி, 1840-ஐ ஒட்டிக் கோட்டைச் சுவரை இடித்துத் தள்ளிய இடம். அதை இடிப்பித்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நிற்பதுதான் விளக்குத்தூண். அதன் பக்கத்தில் நின்று எத்தனையோ முறை ஜிகர்தண்டா குடித்திருக்கிறேன். ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

ஆனால் என்னை உலுக்கியது சுவரின் கதையல்ல, காவலின் கதை. அந்த நாளில் காவலில் பொருள் களவு போனால், காவல்காரர் அதை மீட்டுத் தரவேண்டும். இல்லையேல் ஈடு கட்டவேண்டும். இதை உணர்ந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

என் பள்ளிப் பருவத்தில் எங்கள் தெருவுக்கு ராக்காவல் பெரியவர் ஒருவர் இருந்தார். உசிலம்பட்டிப் பக்கம் ஏதோ கிராமம். வீட்டுக்கு மாதம் பத்து ரூபாய். ஒரு நாள் எங்கள் கொல்லையிலிருந்த பித்தளை அண்டாவைக் காணவில்லை. மாதக் கடைசியில் அம்மா நீட்டிய பணத்தைப் பெரியவர் வாங்கவில்லை.

"வேணாம் தாயி. என் காவல்ல போன பொருளு. அண்டா வெலை தீருற மட்டும் இந்த வீட்டுக் காசு எனக்கு வேணாம்."

அவர் தலை மறைந்ததும் அப்பா சொன்னார்: "பார்த்தியா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்!"

நாங்கள் எல்லோரும் ஆமோதித்தோம். தெரு முழுவதும் பேச்சுப் பரவியது. பெரியவரை நிறுத்திவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து அண்டா வந்து சேர்ந்தது. சித்தி வீட்டு விசேஷத்துக்கு ஆள் வந்து எடுத்துப் போனானாம்; சித்தி சொல்ல மறந்துவிட்டாளாம். பெரியவரைத் தேடி யாரும் போகவில்லை.

நாவலைப் படித்த சூட்டில் மற்றதையும் தேடிப் படித்தேன். அந்தப் பெரியவரின் தகப்பனார் காலத்தில், அந்தப் பக்கத்து ஆண்கள் பிறந்த ஜாதிக்காகவே குற்றவாளிகளாகப் பதியப்பட்டு, போலீஸில் கைரேகை வைக்கவேண்டியிருந்தது. மறுத்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ந் தேதி துப்பாக்கிச் சூடு நடந்து, ஒரு பெண் உட்படப் பலர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-ல்.

ஒழிந்து நாற்பது வருஷத்துக்குப் பிறகும் எங்கள் வீட்டுத் திண்ணையில் அது அமலில் இருந்திருக்கிறது!

அண்டா இன்னும் வீட்டில் இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறது. அந்தப் பத்து ரூபாயை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.