கிரேஸ் அம்மையாரின் கண்ணாடி வீடு

மலர்க் குழுவினர் எம்மிடம் இலக்கியக் கட்டுரை ஒன்று வேண்டினர். நாமோ ஓர் ஆங்கிலச் சிரிப்புப் படத்தைப் பற்றி எழுதத் துணிந்தோம். அதுவும் கஞ்சா வளர்த்த ஒரு கைம்பெண்ணின் கதை. தமிழாசிரியருக்கு இது தகுமோ எனப் புருவம் நெரிக்கும் பழைய மாணவர்க்கு ஒன்று கூறுவோம். இந்நகரிற் கல்விப்பணி புரிந்த விபுலானந்த அடிகளார் சேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்தன்றோ ‘மதங்க சூளாமணி’யை ஆக்கினார்! அடிகளார் வழி பெருவழி; நாம் அதன் ஓரத்து ஒற்றையடிப் பாதையில் நடக்கின்றோம்.

இலண்டனிலிருந்து விடுமுறையில் வந்த பழைய மாணவர் ஒருவர், ஓர்ஸ் ஹில்லிலுள்ள தம் பெற்றோர் இல்லத்துக்கு எம்மை அழைத்து, விறாந்தையில் மடிக்கணினியை வைத்து ‘சேவிங் கிரேஸ்’ என்னும் அப்படத்தைக் காட்டினார். நைஜல் கோல் இயக்கி 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது அது. கோர்ன்வாலிலுள்ள போர்ட் ஐசக் என்னும் மீன்பிடித் துறையிற் படமாக்கினராம். மேலே குன்று, கீழே கடல், ஒருவர் தும்மினால் மற்றவர் அறியும் சிற்றூர். எமக்கு எதிரே உட்துறைமுகத்தின் விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தமையால், அவ்வூர் அயலூராகவே தோன்றவில்லை.

கதை இதுதான். கிரேஸ் அம்மையாரின் கணவர் வானூர்தியிலிருந்து விழுந்து இறந்துபோகின்றார். அவர் விட்டுச்சென்றது 3 இலட்சம் பவுண் கடன். ஓர்க்கிட் மலர் வளர்ப்பதன்றி வேறொன்றும் அறியாத அம்மையார், வீட்டை மீட்பதற்காகத் தம் தோட்டக்காரனோடு சேர்ந்து கண்ணாடி வீட்டில் கஞ்சா வளர்க்கத் தொடங்குகின்றார். அம்மையாராக நடித்தவர் பிரெண்டா பிளெதின். அந்த முகத்தில் அச்சமும் அப்பாவித்தனமும் மாறிமாறி ஓடும் அழகை எழுத்தில் வடித்தல் அரிது. இரவில் அக்கண்ணாடி வீட்டின் விளக்கொளி வானத்தையே வெளுக்கச் செய்கின்றது. 2022 மார்ச் இறுதியில், நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரமின்றிக் குப்பி விளக்கில் விடைத்தாள் திருத்திய எமக்கு, உண்மையைச் சொன்னால், அவ்வொளியைக் கண்டு சற்றுப் பொறாமையும் உண்டாயிற்று.

கடைக்கார மூதாட்டியர் இருவர் அவ்விலையைத் தேயிலை என்று கருதிக் கொதிக்க வைத்துக் குடித்துவிட்டுப் படுத்தும் பாட்டில் நாம் கண்ணீர் வரச் சிரித்தோம். தொல்காப்பியர் நகைக்கு நான்கு நிலைக்களன்கள் வகுத்தார். அவற்றுள் எள்ளலும் ஒன்று, பேதைமையும் ஒன்று. இப்படத்தின் சிரிப்பு பேதைமையிற் பிறந்தது, எவரையும் எள்ளவில்லை. ஊரார் பலர் செய்தி அறிந்தும் அறியாதார் போல் இருந்து அம்மையாரைக் காக்கின்றனர். படத்தின் உயிர் அங்கேதான் இருக்கின்றது என்று எமக்குப் பட்டது.

செடிக்காக நாம் வாதாட வரவில்லை. சித்தர் வழியில் ‘கோரக்கர் மூலி’ என்று பேர் பெற்று மருந்தாய் நின்ற அதே செடியின் புகையால் கெட்ட பிள்ளைகளைக் கண்ணாற் கண்டவர் நாம். எனினும் ஒரு வேடிக்கை. 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் இச்செடியைக் கட்டுப்படுத்திய எமது நாடு, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று கைவிரித்தது. அவ்வாண்டு நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுதல் பற்றி ஆராய நிபுணர் குழு அமைக்க முன்மொழிந்தது. கடன் முற்றினால் கிரேஸ் அம்மையாருக்குத் தோன்றியதே அரசுக்கும் தோன்றும் போலும்!

மறுவாரம் பத்தாம் வகுப்பில் மெய்ப்பாடு கற்பிக்கையில் இக்கதையைச் சொன்னோம். வகுப்பு சிரித்து உருண்டது. பின்வாங்கில் இருந்த ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. மணி அடித்தபின் மேசையருகே வந்தான்.

“சேர், அந்த அம்மாவின்ர வீட்டைக் கடைசியில எடுத்துப்போட்டாங்களா?”

“இல்லை. பயிரை எரித்துவிட்டார். பின்னர் புத்தகம் எழுதிப் பரிசு பெற்றுப் பணக்காரியானார்” என்றோம்.

அவன் அதை நம்பியதாகத் தெரியவில்லை. “ஊர்ச் சனத்துக்குக் கடன் விசயம் தெரியுமா?” என்று கேட்டான். தெரியும் என்றோம். “தெரிஞ்சும் ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையா?” என்றான். அதற்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. அவன் போய்விட்டான்.

அன்று மாலை வரவுப் பதிவேட்டைப் புரட்டினோம். அப்பருவம் முழுவதும் செவ்வாய்க்கிழமைகளில் அவன் பெயருக்கு நேரே எமது கையாலேயே இட்ட வராமைக் குறிகள். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் நுண்கடன் பெற்றிருந்தார். வாரக் கடன் அறவிட வருபவரிடம், “அம்மா வீட்டில இல்லை” என்று சொல்வதற்காகவே அவன் அந்நாட்களில் வீட்டில் நின்றான் என்பதைச் சக ஆசிரியர் ஒருவர் அறிந்திருந்தார். 2018இல் வறட்சியால் வாடிய 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்ய முன்வந்ததுண்டு; இத்தாயின் கடன் அதற்குப் பிந்தியது. போர்ட் ஐசக் ஊரார் வாய் திறவாதிருந்தது அன்பினால். நாம் ஒரு பருவம் முழுவதும் வாய் திறவாதிருந்தது எதனால் என்று பலமுறை எம்மையே கேட்டுப் பார்த்தோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இடைவேளையில், அதிபரிடம் சொல்லிவிட்டு, அவ்வீட்டுக்கு நடந்தோம். படலையில் நின்ற மாணவன் எம்மைக் கண்டதும், பழக்கத்தினாற் போலும், “அம்மா வீட்டில இல்லை” என்று தொடங்கி, பின் நாணித் தலைகுனிந்தான். உள்ளிருந்து தாயார் வெளிப்பட்டு, “வாங்கோ, இருங்கோ” என்று கதிரையைத் துடைத்து இட்டார். சீனி குறைவாக ஒரு பிளேன்டீ தந்தார். அதைக் குடித்து முடிக்கும்வரை எவரும் கடனைப் பற்றிப் பேசவில்லை. அதன்பிறகு நாமே பேச்சைத் தொடங்கினோம்.