மடியில் இடமில்லை

ஜூலை 7, 2025, திங்கள்

29ஆவது வாரம். லேப்டாப் இனி மடியில் நிற்காது என்பது இன்று உறுதியாகிவிட்டது. வயிறு தள்ளத் தள்ள அது முழங்காலுக்குப் போய், எட்டி எட்டித் தட்டியதில் தோள்பட்டை இறுகிக் கிடக்கிறது. எங்கள் ஊர் முக்கூடலில் அம்மா தம்பியைச் சுமந்தபோது பீடித்தட்டை இப்படித்தான் முழங்காலில் வைத்துச் சுற்றுவாள். அப்போது எனக்கு ஐந்து வயது. தட்டு சரிந்து தூள் கொட்டினால் பொறுக்கிக் கொடுப்பது என் வேலை.

புனேயில் ஹிஞ்சவடி ஆபீசிலிருந்து சாங்வி வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மழையில் இன்று ஒன்றே முக்கால் மணி நேரம். கேப் ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறும்போது இரண்டு கையாலும் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டே வந்தேன். வந்ததும் எட்டரை மணிக்கு ஆபீஸ் கால். முடியும்போது பத்தேகால்.

ஜூலை 9, புதன்

ஆற்றங்கரைப் பக்கம் டோல்-தாஷா மேளப் பயிற்சி தொடங்கிவிட்டது. விநாயகர் சதுர்த்தி ஆகஸ்ட் 27இல்தான், ஆனால் புனேக்காரர்களுக்கு இப்போதே கை பரபரக்கிறது. முதல் அடி விழுந்ததும் உள்ளே ஒரு துள்ளல். அடி நின்றால் இதுவும் நிற்கிறது. மறுபடி அடித்தால் விலாவுக்குக் கீழே ஒரு உதை. கையை வைத்துக்கொண்டு அப்படியே படுத்திருந்தேன்.

சாப்பிட்டபின் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து அசைவை எண்ணச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வர வேண்டும். இன்று அரை மணியிலேயே பத்து. நேற்று நான் எண்ணவே இல்லை. கால் முடிந்து அப்படியே தூங்கிப்போனேன். இதை எழுதக் கூசுகிறது.

ஜூலை 12, சனி

இந்த வாரம் ஆன்-கால் என் முறை. இரவு 2.10க்கு போன். ரிலீஸில் ஏதோ உடைந்து, சரிசெய்து முடிக்க விடிந்துவிட்டது. எழுந்து நின்றால் செருப்பு காலில் நுழையவில்லை. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன், விழுந்த குழி அப்படியே நின்றது.

கிளினிக்கில் ரத்த அழுத்தம் 130/84. போன மாதம் 110/70. சிறுநீரில் புரதம் இல்லை என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது. தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ நேரம் பார்க்காமல் உடனே வா என்றார் டாக்டர். இரவு கண்விழிப்பதை நிறுத்து என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.

ஜூலை 13, ஞாயிறு

பகல் முழுவதும் படுத்துக்கொண்டு பேறுகாலச் சலுகைச் சட்டத்தைப் படித்தேன். 1961ஆம் ஆண்டுச் சட்டம். 12 வார விடுப்பு 2017இல் 26 வாரமானதும், அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம் என்பதும் ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். நான்காவது பிரிவைப் பற்றி யாரும் சொன்னதில்லை. பிரசவத் தேதிக்கு முந்தைய ஆறு வாரம், அதற்கும் முந்தைய ஒரு மாதம். அந்த ஒரு மாதம் கடினமான வேலையையோ, நெடுநேரம் நிற்க வைக்கும் வேலையையோ, தாய்க்கும் சிசுவுக்கும் கேடு தரும் வேலையையோ செய்யச் சொல்லக் கூடாது. விடுப்பில் போகாவிட்டால் அடுத்த ஆறு வாரத்துக்கும் அதே பாதுகாப்பு. வேலை மாறியதைக் காட்டிச் சம்பளத்தில் கைவைக்கவும் கூடாது. என் தேதி செப்டம்பர் 22. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த மாதம் முந்தாநாளே தொடங்கிவிட்டது.

ஒரே நிபந்தனை, கர்ப்பிணியே கேட்க வேண்டும்.

ஏழு மாதமாக நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சமாளிக்கிறாள் என்ற பெயருக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பெயரால் என் பிள்ளைக்கு என்ன கிடைத்தது?

அந்தக் காலத்துப் பம்பாய் மாகாணத்தில் பேறுகாலச் சலுகை சின்ன விஷயமாக இருந்ததில்லை. 1928இல் ஆலைப் பெண்களுக்கான பேறுகாலச் சலுகை மசோதா சட்டமன்றத்துக்கு வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வெடுப்பது நாட்டுக்கே நன்மை, அந்தச் சுமையில் பெரும்பங்கை அரசே ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த வருடமே சட்டம் வந்தது. அதற்குச் சீக்கிரமே நூறு வயது ஆகப்போகிறது, நான் இன்னும் மெயிலின் முதல் வரியை அடித்து அடித்து அழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

அனுப்பிவிட்டேன். நான்கே வரி. ‘முடிந்தால்’, ‘சிரமமில்லை என்றால்’ இரண்டையும் கடைசி நிமிடத்தில் எடுத்தேன். டாக்டர் சீட்டையும் இணைத்தேன். மாலையில் பதில் வந்தது. ஆன்-கால் இல்லை, இரவு கால் வேறொருவருக்கு, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. குளியலறைக்குள் போய் அழுதேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அம்மா வந்துவிட்டாள். ஆடிப்பெருக்கு என்று பழைய சாங்விப் பக்கம் நடத்திக் கூட்டிப்போய், முளாவும் பவனாவும் கலக்கும் இடத்தைக் காட்டினேன். இரண்டிலும் செம்மண் நிறத்தில் தண்ணீர். ஆடி கழியட்டும், ஆவணியில் வளைகாப்பு என்கிறாள் அம்மா. கீழ்வீட்டுக் காக்கூ பூ ஊஞ்சல் கட்டி மராத்தி வளைகாப்பான டோஹாளே ஜேவண் வைக்க வேண்டும் என்கிறாள். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. பச்சை வளையல் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே பேச்சு.

மதியம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் மெயிலைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். சட்டத்தையும் சொன்னேன்.

“எங்க காலத்துலயும் இது உண்டாட்டி?”

“உண்டும்மா. 1966லயே பீடித் தொழிலாளர் சட்டத்துல சேர்த்துட்டாங்க. வீட்டுல இருந்து சுத்துறவங்களுக்கும் உண்டு.”

அம்மாவின் கை கொஞ்சம் நின்றது. “எம் பேருல பீடிக் கம்பெனி பாஸ்புக்கு எங்க இருந்துச்சு? அடுத்த ஆளு பேருலல்லா சுத்துனேன். ஒந் தம்பி பொறந்த அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் அறுநூறு சுத்திட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.”

அப்புறம் பேசவில்லை. ஒரு கொத்து முழுக்க ஆய்ந்து முடித்தாள்.

“அந்த மெயில இன்னொரு தடவ வாசிட்டி” என்றாள்.