மின்னேரியாவில் கூடும் சமூகங்கள்

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் புகையிரதத்தில் போகும்போது பொலன்னறுவை, ஹிங்குராக்கொடை தாண்டியதும் மின்னேரியா நிலையம் வரும். மகாசேன மன்னன் கட்டிய பெருங்குளம் இருப்பது இவ்வூரில்தான். ஒரு விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

ஆகஸ்ட், செப்டெம்பரில் குளத்து நீர் வற்றினால் ஈரமண்ணில் இளம்புல் முளைக்கும். அதை நாடி யானைகள் நூற்றுக்கணக்கில் திரளும். குட்டிகள் எங்கே நிற்கின்றன என்று கவனியுங்கள். உம்மா, பெரியும்மா, சாச்சி, ராத்தா என்று பெண் யானைகள் சூழ்ந்திருக்க, நடுவே அவை மேயும்.

இரக்கமும் ஒற்றுமையும் மனிதனுக்கே உரியவை என்று பேசுகிறோம். அல்குர்ஆனோ அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனத்தில் விலங்குகளையும் பறவைகளையும் நம்மைப் போன்ற சமூகங்களாகவே எடுத்துரைக்கின்றது.

2025 பெப்ரவரி 20ஆம் திகதி, இதே பாதையில் மட்டக்களப்பிலிருந்து சென்ற புகையிரதம் யானைக் கூட்டமொன்றில் மோதியது. குறைந்தது ஆறு யானைகள் மடிந்தன. காயப்பட்ட இளம் யானையை விட்டகலாமல் இன்னொரு யானை தண்டவாளத்தருகே காவல் நின்றது. இரண்டின் துதிக்கை நுனிகளும் பிணைந்திருந்தன.

அப்படியானால் மனிதனின் சிறப்பு எது? யானை தன் கூட்டத்தைக் காக்கிறது. கூட்டத்துக்கு வெளியே உள்ள உயிரையும் காக்கும்படி கட்டளையிடப்பட்டவர்கள் நாம். அமானிதத்தைச் சுமந்தவர்களும் நாமே. பூனையைக் கட்டிப் பட்டினி போட்ட பெண்ணுக்கு நரகமும், தாகித்த நாய்க்குப் பாதணியில் நீர் மொண்டு கொடுத்த பெண்ணுக்கு மன்னிப்பும் கிடைத்ததாக நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

யானையால் வேளாண்மையையும் உயிரையும் இழந்த குடும்பங்களின் கண்ணீர் பெரிது. வேலியும் காவலும் வேண்டும்தான். ஆனால் தீனிக்குள் வெடி மறைத்து வைப்பது எந்த வகையில் நியாயம்? அதைக் கடித்து வாய் சிதைந்து பட்டினியால் சாகும் உயிர்களில் குட்டி யானைகளும் உண்டு. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் இறந்ததையும் மறக்க முடியாது. அந்தக் குப்பை வீடுகளிலிருந்து போனதுதானே!

ஆகவே, பயணத்தில் சோற்றுப் பொதியை அவிழ்த்தால் லன்ச் ஷீட்டைக் காட்டோரம் வீசாதீர்கள். அதை மடித்து வீட்டுக்கு எடுத்துவரப் பிள்ளைக்குப் பழக்குங்கள். தன் கூட்டத்தைக் காக்க யானைக்குத் தெரியும். பிற உயிரையும் காக்க நம் பிள்ளைக்கு நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். அல்லாஹ் அதற்குத் தௌபீக் செய்வானாக!